போர்பன் ரோஜா முரண்டு பிடிக்கும்போது: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்க

போர்பன் என்றதும் நடுவில் சாக்லேட் கிரீம் வைத்த பிஸ்கட்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பிஸ்கட்டுக்கும் ரோஜாவுக்கும் பெயர் கொடுத்தது ஒரே பிரெஞ்சு அரச வம்சம். ரோஜாவுக்கு மட்டும் அந்தப் பெயர் ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு வந்தது. மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவை அப்போது போர்பன் தீவு என்றார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய அதே தீவு.

அங்கே வயலுக்கு வேலியாக இரண்டு ரோஜாக்களை நெருக்கி நடுவார்கள். ஒன்று சீனாவிலிருந்து வந்த இளஞ்சிவப்பு ரோஜா, ஓல்ட் பிளஷ். மற்றது இலையுதிர் காலத்திலும் பூக்கும் டமாஸ்க் ரோஜா. சேன் பெனுவா என்ற ஊரில் எடுவார் பெரிஷோன் என்பவர் தன் வேலிச் செடிகளுக்கு நடுவே இரண்டிலும் சேராத ஒரு செடியைக் கண்டு தனியாக எடுத்து வைத்தார். 1817இல் தாவரவியலாளர் நிக்கோலா பிரேயோன் தீவுக்கு வந்தபோது அது அவர் கண்ணில் பட்டது. அதன் விதைகளைப் பாரிஸை ஒட்டிய நெய்யியில் ஓர்லியன் கோமகனின் தோட்டத்தைக் கவனித்துவந்த அந்துவான் ழாக்குக்கு அனுப்பினார். அங்கே முளைத்ததுதான் ஐரோப்பாவின் முதல் போர்பன் ரோஜா. பூ ஓவியத்துக்குப் பேர்போன ரெதூதே அதை வரைந்தும் வைத்தார்.

கோளாறு கேட்டு வந்தவர்களிடம் எதற்கு இந்தப் பழங்கதை என்றால், காரணம் இருக்கிறது. நான் லண்டனுக்குத் தெற்கே, களிமண் தோட்டம் ஒன்றில் பதினோரு போர்பன் ரோஜாக்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன். முதல் மூன்று வருடம் எதைப் பார்த்தாலும் நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன். பாதிக்கு மேல் நோயே இல்லை. சீனத்துப் பாட்டியின் குணமோ டமாஸ்க் தாத்தாவின் குணமோ எட்டிப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மருந்துப் புட்டியைத் தொடுமுன் செடியின் பெயரைப் பாருங்கள். பெயர்ச்சீட்டு தொலைந்திருந்தால் பூ, இலை, பூக்கும் மாதம் மூன்றையும் குறித்து வையுங்கள். கீழே சொல்வதில் பாதிக்கு அந்தக் குறிப்புதான் விடை.

மொட்டு பெரிதாகிறது, விரிவதில்லை, பழுப்பாகி அழுகுகிறது

போர்பன் ரோஜா வளர்ப்பவர்களின் முதல் புலம்பல் இது. பத்துக்கு எட்டுப் பேரிடம் இருப்பது சூவெனிர் த லா மால்மேசோனாகத்தான் இருக்கும். 1843இல் லியோனில் ழான் பெலூஸ் உருவாக்கியது. மால்மேசோன் என்பது பேரரசி ஜோசஃபீனின் ரோஜாத் தோட்டம் இருந்த மாளிகை. அவர் 1814இலேயே இறந்துவிட்டார், இந்தப் பூவை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் தோட்டத்துப் பூ என்று இன்றும் சொல்லி விற்கிறார்கள்.

நன்றாக விரிந்தால் உள்ளங்கை அகலம், தட்டையான முகம், வெளிறிய இளஞ்சிவப்பு, நாலாகப் பகுத்து அடுக்கியது போல இதழ்கள். அந்த அடுக்குதான் வம்பு. மழையில் வெளி இதழ்கள் நனைகின்றன. அடுத்து வெயில் அடித்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் காகித உறைபோலக் காய்கின்றன. உள்ளே இருப்பவை விரியப் பார்க்கின்றன, உறை விடுவதில்லை. இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் நுழைந்துவிடும்.

உறுதி செய்வது எளிது. அப்படி நின்றுபோன மொட்டு ஒன்றைக் கையில் எடுத்து, வெளியே உள்ள பழுப்பு இதழ்களை நகத்தால் நெம்புங்கள். வெங்காயச் சருகுபோல மேலே நான்கைந்து இதழ்கள் ஒரே தோலாகக் கழன்று வரும். அடியில் ஈரமாக, பழுதில்லாத இளஞ்சிவப்பு தெரிந்தால் கோளாறு மழைதான். உள்ளேயும் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தால் தாமதித்துவிட்டீர்கள், வெட்டிக் குப்பையில் போடுங்கள். மழையே இல்லாத வெக்கையில் இதழ் ஓரம் மட்டும் கருகி, வெள்ளைத் தாளில் தட்டினால் நூலிழைபோல் பூச்சிகள் விழுந்தால் அது இலைப்பேன். அது வேறு கதை.

மழைதான் என்றால் செய்ய வேண்டியது மூன்று. உறை காய்ந்த முதல் நாளே விரலால் உரித்துவிடுங்கள், பூ மாலைக்குள் விரியும். காலை வெயிலும் காற்றும் படுகிற இடத்துக்குச் செடியை மாற்றுங்கள். அதுவும் அந்தச் செடி உறங்கும் குளிர்காலத்தில். மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். இதெல்லாம் முடியாது, உங்கள் ஊரில் ஜூன் முழுக்கத் தூறல்தான் என்றால் வேறு வழி உண்டு. இதே செடியில் ஒரு கிளை தானாகத் திரிந்து, அடுக்குக் குறைந்த பூவைக் கொடுத்தது. டப்ளினில் செயின்ட் ஆன்ஸ் என்ற பெரிய வீட்டுத் தோட்டத்தில் இருந்த அதை 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் சூவெனிர் த செயின்ட் ஆன்ஸ். இதழ் குறைவு, ஆகவே ஒட்டுவதும் குறைவு. என்னைக் கேட்டால் மழை ஊர்க்காரர்கள் அம்மாவை விட்டுவிட்டு மகளை வாங்கலாம்.

ஜூனில் கொட்டிப் பூத்தது, அப்புறம் ஒரு பூ கூட இல்லை

முதலில் பெயர். போர்பன் என்றாலே மறுபடி மறுபடி பூக்கும் என்று பட்டியல்களில் எழுதிவிடுகிறார்கள். எல்லாம் அப்படி இல்லை. 1834இன் போர்பன் குயின், 1840இன் கூப் தெபே, 1874இன் கோமாண்டான் போரேப்பேர் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை கொட்டித் தீர்க்கிற வகை. அவற்றிடம் செப்டம்பரில் பூ கேட்பது மாமரத்திடம் மார்கழியில் பழம் கேட்பது போல.

காரணம் சீனத்துப் பாட்டியிடம் இருக்கிறது. ஒரு பருவம் மட்டும் பூக்கும் ரோஜாக்களில், மற்ற மாதங்களில் பூ வராமல் பூட்டி வைக்கும் ஒரு மரபணு உண்டு. சீன ரோஜாவில் அந்த மரபணுவுக்குள் வேறொரு துண்டு நுழைந்து அதைக் கெடுத்துவிட்டது. பூட்டு உடைந்ததால் செடி தொடர்ந்து பூக்கிறது. ஆனால் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் உடைந்த பூட்டே வந்தால்தான் பிள்ளைக்கு அந்தக் குணம். ஒரு பக்கம் நல்ல பூட்டு வந்தாலும் போதும், கதவு சாத்தியாகிவிடும். அன்று ஐரோப்பியர்கள் போர்பனை ஒரு முறை பூக்கும் பழைய ரோஜாக்களோடும் கலந்தார்கள். சில பிள்ளைகளுக்குப் பாட்டி குணம் வாய்த்தது, சிலவற்றுக்கு வாய்க்கவில்லை.

உங்களுடையது ஒரு முறை பூக்கும் வகை என்றால் குளிர்காலத்தில் ஒட்ட வெட்டுவதை நிறுத்துங்கள். அடுத்த வருடப் பூ இந்த வருடக் கொம்பில்தான் வரும். பூ முடிந்த கையோடு கவாத்து செய்யுங்கள். பெயரும் தெரியாது, மூன்று வருடமாகப் பூவும் இல்லை என்றால், அதிகம் வெட்டியே கெடுத்திருக்க வாய்ப்பு மிகுதி.

1851இன் லூயிஸ் ஓதியே, 1867இன் பூல் த நேழ், 1872இன் லா ரேன் விக்டோரியா போன்றவை உண்மையாகவே மறுபடி பூப்பவை. அவை நின்றுவிட்டால் பசி, தாகம், அல்லது காயாகப் போன பூக்கள். வாடிய பூவை அதற்குக் கீழே உள்ள முதல் நல்ல இலை வரை கிள்ளுங்கள். முதல் சுற்று முடிந்ததும் ஒரு கை உரம், அப்புறம் வாரம் ஒரு முறை வேரில் இறங்கும்படி தண்ணீர். ஐந்தாறு வாரம் பொறுங்கள்.

ஆளுயரம் வளர்கிறது, பூ மட்டும் உச்சியில்

இதற்குத் தீர்வு வெட்டுவது இல்லை, வளைப்பது.

மதாம் இசாக் பெரேர் என்று 1881இல் வந்த ரோஜா உண்டு. ஒரு வங்கிக்காரரின் மனைவி பெயர். அடர் ரோஜா நிறம், வாசலில் இருந்தால் தெருமுனைக்கு மணக்கும். இது இரண்டு மீட்டருக்கு மேல் கொம்பு விட்டு, நுனியில் நாலு பூவை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கும். நேராக நிற்கும் கொம்பில் நுனி மொட்டுதான் ராஜா. அது அனுப்பும் ஹார்மோன் கீழே உள்ள கணுக்களை எல்லாம் தூங்கவைக்கிறது. கொம்பைப் படுக்கவைத்தால் நுனியின் அதிகாரம் போய், கணுவுக்குக் கணு தளிர் வெடிக்கும்.

விக்டோரியா காலத்துத் தோட்டக்காரர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கொம்பைத் தரைக்கு வளைத்து, முளையடித்துக் கட்டிவிடுவார்கள். கென்ட்டில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில் இன்றும் செய்கிறார்கள். செடியைச் சுற்றிலும் ஹேசல் குச்சிகளை அரைவட்டமாக ஊன்றி, நீண்ட கொம்புகளை அவற்றின் மேல் வளைத்துக் கட்டியிருப்பார்கள். மார்ச்சில் பார்த்தால் கவிழ்த்த கூடைபோல இருக்கும், ஜூனில் பூக்குன்று.

நான் முதலில் செய்தபோது கெடுத்தேன். ஜனவரி, காலை எட்டு மணி, புல்லில் உறைபனி. இரண்டு வருடக் கொம்பு ஒன்றை அடியில் பிடித்து ஒரே மூச்சில் வளைத்தேன். முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம், கொம்பு கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறேன். பிப்ரவரி கடைசியில், வெயில் அடித்த ஒரு மத்தியானம். போன கோடையில் வந்த பச்சைக் கொம்புகளை மட்டும் எடுப்பேன், முதிர்ந்து பட்டை தட்டியதைத் தொடமாட்டேன். அடியிலிருந்து ஒரு சாண் விட்டு, அதற்கு மேல் இரண்டு கைக் கட்டைவிரலையும் அடியில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே வளைப்பேன். பிசைகிற மாதிரி. கொம்பு தானே சொல்லும், பிடிவாதம் பிடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பாதி வளைவில் கட்டிவிட்டு மறுவாரம் மீதி. கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு, இறுக்காமல் எட்டுப் போட்டு. மூன்று வாரத்தில் ஒவ்வொரு கணுவிலும் சிவப்பு முனை தெரியும், நெல்மணி அளவு. அவை ஒவ்வொன்றும் விரல் நீளத் தளிராகி, நுனியில் பூ வைக்கும். நாலு பூ இருந்த கொம்பில் போன வருடம் பதினேழு எண்ணினேன்.

இடம் இல்லாதவர்கள் தூணில் சுற்றலாம். நேராக ஏற்றிக் கட்டாதீர்கள், பிறகு அதே கதைதான். திருகாணி மரைபோலச் சாய்த்துச் சுற்றுங்கள்.

இதே மதாம் பெரேரில் இன்னொன்று. சீசனின் முதல் பூக்கள் சில கோணல்மாணலாக, நடுவில் பச்சைக் குமிழோடு வரலாம். வைரஸ் என்று பயந்து செடியையே தோண்டி எறிந்தவரைத் தெரியும். முதல் சுற்றில் இந்தச் செடிக்கு அது பழக்கம். கிள்ளிப் போடுங்கள். செப்டம்பர் பூ குறையில்லாமல் வரும்.

இலையில் கரும்புள்ளி, பிறகு மஞ்சள், பிறகு மொட்டைக் குச்சி

இது நோய்தான். டிப்ளோகார்பன் என்ற பூஞ்சணம். புள்ளியின் ஓரத்தைக் கவனியுங்கள். வட்டமாக வெட்டியது போல் இல்லாமல், மை கசிந்த மாதிரிச் சிலும்பியிருக்கும். இலைக்கு அடியில் ஆரஞ்சுத் தூள் இருந்தால் துரு நோய், மேலே விபூதி பூசினாற்போல் இருந்தால் சாம்பல் நோய்.

போர்பன்களுக்கும் கரும்புள்ளிக்கும் பழைய உறவு. ஒத்துக்கொண்டு வாழ வேண்டியதுதான். பூஞ்சண வித்து ஊன்ற, இலை குறைந்தது ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஏழு மணி நேரத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் வைத்தியம். செடிக்குச் செடி இடம் விடுங்கள், நடுவில் குறுக்கே ஓடும் குச்சிகளை எடுங்கள், தண்ணீர் காலையில் வேருக்கு மட்டும். உதிர்ந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள், அடுத்த வருடத்து வித்து அதில்தான் தூங்குகிறது. வீட்டு உரக்குழியில் போடாதீர்கள். இத்தனையும் செய்து ஆகஸ்டில் கீழ்ப்பாதி மொட்டையானால் முன்னால் லாவண்டர் நட்டு மறைத்துவிட்டுப் போங்கள். நான் அப்படித்தான்.

சாம்பல் நோய்க்குக் காரணம் நேர் எதிர்: வேர் காய்ந்து, காற்று அசையாமல் நிற்பது. 1868இன் செஃபிரீன் துரூவானுக்கு முள்ளே கிடையாது. அதனாலேயே குழந்தைகள் ஓடுகிற வாசல் சுவரில் ஏற்றுகிறார்கள். சுவரடி என்றால் மழை படாது, காற்று வராது. சுவரை விட்டு வளைவிலோ வேலியிலோ ஏற்றினால் பாதித் தொல்லை போகும்.

கோடு போட்ட பூ வாங்கினேன், ஒரு கிளையில் ஒரே நிறமாக வருகிறது

வாரியகாட்டா தி பொலோஞ்ஞா, 1909. வெள்ளையில் ஊதாச் சிவப்புக் கோடுகள். இதில் ஒரு கிளை மட்டும் முழு ஊதாச் சிவப்பாகத் திரும்பினால், அது பழைய குணத்துக்குப் போய்விட்டது. அந்தக் கிளைக்கு வேகம் அதிகம், விட்டால் செடியையே விழுங்கும். தொடங்கும் இடம் வரை பின்தொடர்ந்து அடியோடு வெட்டுங்கள்.

மதாம் பியேர் ஓழேயின் வெளிறிய பூ வெயில் பட்ட பக்கம் சிவந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். 1878இல் லா ரேன் விக்டோரியாவின் கிளையில் தோன்றிய திரிபு அது. வெயிலில் சிவப்பது அதன் அழகு.

பழைய ரோஜா இருந்த குழியில் புதியதை நட்டேன், இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது

மண் சோர்வு. அரை மீட்டர் ஆழ அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, ரோஜாவே பார்க்காத மண்ணை நிரப்புங்கள். இல்லையேல் வேறு இடம்.

பூவே மாறிவிட்டது, இலையும் வேறு மாதிரி

ஒட்டுச் செடியின் அடியில் இருக்கும் வேர்ச்செடி மேலே வந்துவிட்டது. ஏழு இலை இருந்தால் காட்டுச் செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று எல்லா ஊரிலும் ஒரு கணக்கு சொல்வார்கள். நம்பாதீர்கள், போர்பன்களிலேயே ஏழு வரும். மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டு வீக்கத்துக்குக் கீழே என்றால் வேர்ச்செடி. வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும், அதனால் கெட்டியாகப் பிடித்து வேரோடு பிய்த்து எடுங்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் லாக்ஸா, வெள்ளைப் பூ. அமெரிக்காவில் டாக்டர் ஹியூ, அடர் சிவப்பு. பழைய போர்பன் புதர் என்று ஆசையோடு வாங்கிய வீட்டில் ஜூன் மாதம் அடர் சிவப்புப் பூ மட்டும் வந்தால், மேலே இருந்தது செத்து வெகு நாளாகிவிட்டது.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை தலைகீழ். சேன் பெனுவாவின் எடுவார் ரோஜாதான் தமிழ்நாட்டில் எட்வர்டு ரோஜா. மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் நடுகிறார்கள், பன்னீர் ரோஜா என்ற பெயரிலும் விற்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் பெரியம்மா, "இது என்ன பெரிய பரம்பரை, சந்தையில கிலோ கணக்குல கிடக்கு" என்றார். அதே எட்வர்டைத் தென்னிந்திய நாற்றங்கால்களில் வேர்ச்செடியாகவும் வைத்து, மேலே புதுரக ரோஜாவை ஒட்டுவார்கள். 1867இல் புதுரகங்களுக்கு முன்னோடியான லா பிரான்ஸ் என்ற ரோஜா வந்த பிறகு போர்பன்களை ஓரங்கட்டிய அந்தப் புதுரகங்களைத் தரையடியில் இருந்து தாங்குவது ஒரு போர்பன்.

ஆகவே தமிழ்நாட்டில் உங்கள் வீட்டுச் சிவப்போ மஞ்சளோ பட்டுப்போய், அடியிலிருந்து முள் நிறைந்த கொம்பில் தளர்ந்த அடுக்குள்ள இளஞ்சிவப்புப் பூ மணத்தோடு வந்தால் உடனே பிடுங்காதீர்கள். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். கணுவுக்குக் கீழே சாய்வாக, மேலே நேராக. மணல் கலந்த மண்ணில் மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். வேர்ச்செடியாகத் தேர்ந்ததே சுலபமாக வேர்விடும் என்பதால்தான். தளிர் வந்ததும் இழுத்துப் பார்க்க வேண்டாம், தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கட்டும்.